போன் ஹாட்ஸ்பாட்டே போதுமா, தனி வைஃபை வேண்டுமா? குமுளிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கணக்கு

குமுளி, வண்டிப்பெரியார், அணக்கரை, கம்பம்மெட்டு என்று தமிழ்நாடு - கேரள எல்லையை ஒட்டி இருக்கிற நம் ஆட்கள் வீடுகளில் அடிக்கடி கிளம்பும் கேள்வி இது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டே காலத்தை ஓட்டிவிடலாமா, இல்லை தனியாக ஒரு இணைப்பு எடுத்துவிடலாமா? கடைக்காரரிடம் கேட்டால் அவரிடம் எது இருக்கிறதோ அதைச் சொல்வார். வீடியோ பார்த்தால் நகரத்து மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேகத்தை அளந்து காட்டுவார்கள். அந்த அளவு நமக்கு உதவாது. மலையில் முதலில் பார்க்க வேண்டியது வேகம் இல்லை. வீட்டின் எந்த மூலையில் ரேஞ்ச் நிற்கிறது, அந்த மூலையில் போன் நாள் முழுக்க இருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கருங்கல் சுவர், மேலே தகரம். டவுனில் புதிதாகக் கட்டிய வீடுகளிலும் மழைக்குப் பயந்து மொட்டை மாடிக்கு மேல் ஷீட் போட்டுவிடுகிறோம். உலோக ஷீட் அலைகளைத் திருப்பி அடிக்கும், கல் சுவர் விழுங்கும். அதனால்தான் முற்றத்தில் மூன்று கோடு காட்டுகிற போன் அடுப்படிக்குப் போனதும் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. ஊரெல்லாம் நல்ல கம்பெனி என்று சொல்கிற சிம் உங்கள் வீட்டில் மட்டும் படுத்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், உங்கள் ஜன்னல் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஹாட்ஸ்பாட் என்பது போனையே சின்ன ரவுட்டராக மாற்றுவது. ஒரு பக்கம் டவரிலிருந்து டேட்டாவை வாங்கும், மறுபக்கம் வைஃபையாகப் பரப்பும். ஆண்ட்ராய்டில் 2010இல் 2.2 பதிப்போடு வந்தது, ஐபோனில் 2011இல் பரவலானது. இத்தனை வருடமாகக் கையில் இருந்தும் நாம் அதைப் பாதிதான் பயன்படுத்துகிறோம் என்பது என் எண்ணம். லேப்டாப்புக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட் போடுகிறோம். லேப்டாப் இருக்கிற மேசையில் ரேஞ்ச் இல்லையே! போனை ரேஞ்ச் இருக்கிற ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாம் உள்ளே உட்கார வேண்டும். டவர் அலை நுழையாத சுவருக்கு இந்தப் பக்கம், கடைசி பதினைந்து இருபது அடியை வைஃபை தாண்டிக் கொடுத்துவிடும். வேறு செலவே இல்லாமல் கிடைக்கிற முன்னேற்றம் இது.

இங்கே ஒரு சின்ன அமைப்பைக் கவனியுங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை காட்டும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். ஜன்னலில் போன், உள்ளறையில் லேப்டாப் என்றால் 2.4தான் சரி. புது ஐபோன்களில் இதே வேலையைச் செய்ய 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற சுவிட்சைப் போட வேண்டும். போனும் லேப்டாப்பும் ஒரே அறையில் என்றால் மட்டும் 5 போடுங்கள்.

கேபிளா, புளூடூத்தா?

வைஃபையாகப் பரப்பாமலே பகிரலாம் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் சொருகி, செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் போட்டால் போதும். ஒரே ஒரு லேப்டாப்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வைஃபை அலையே வேண்டாம் என்பதால் பேட்டரிக்கு வேலை குறைவு, போகப் போக சார்ஜும் ஏறும், பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்டு கேட்கவும் மாட்டார். விண்டோஸ் லேப்டாப்பும் ஆண்ட்ராய்டு போனும் என்றால் சொருகியதும் வேலை செய்யும். ஆப்பிள் மேக்கில் பல ஆண்ட்ராய்டு போன்கள் இப்படி ஒட்டாது. இன்னொரு குறை கேபிளின் நீளம்: ரேஞ்ச் ஜன்னலில், மேசை அந்தக் கோடியில் என்றால் மேசையைத்தான் நகர்த்த வேண்டும்.

புளூடூத் பகிர்வு இரண்டு எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) தொட்டாலே அதிகம். மெயில் பார்க்க, போடியிலோ புற்றடியிலோ இன்றைக்கு ஏலக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்று எட்டிப் பார்க்க, அதற்குச் சரி. வீடியோவுக்கு ஆகாது.

நாள் கணக்கு டேட்டா எங்கே போகிறது

ஹாட்ஸ்பாட் போதுமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் விடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். பிள்ளை லேப்டாப்பில் அந்த ஒரு எம்பிபிஎஸ்ஸில், சுமாரான தரத்தில், மூன்று மணி நேரம் வகுப்பு பார்த்தால் 1.35 ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் மிச்சம் இருப்பது வாட்ஸ்அப்புக்குத்தான். டிவியில் தெளிவான படம் ஐந்து எம்பிபிஎஸ் இழுக்கிறது என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி. இரண்டு ஜிபி பேக் போட்டவர் ஒரு படத்தின் இடைவேளைக்குள் தீர்த்துவிடுவார். அப்புறம் ஆமை வேகம், 64 கேபிபிஎஸ்தான். அதில் ஒரு போட்டோ இறங்குவதற்குள் டீ ஆறிவிடும்.

இதில் ஒளிந்திருக்கிற திருடன் லேப்டாப்தான். போன் தன் சொந்த டேட்டா என்றால் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும். அதே போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த லேப்டாப்போ, 'வைஃபை கிடைத்துவிட்டது, இனி என்ன' என்று விண்டோஸ் அப்டேட்டையும் ஒன்டிரைவ் காப்பியையும் அவிழ்த்துவிடும். விண்டோஸில் அந்த வைஃபையின் பெயரைத் தட்டி, அளந்து செலவழிக்கச் சொல்லும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதைப் போட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொரு போன் இணைகிறது என்றால் அதில் போட்டோ பேக்கப்பையும், வாட்ஸ்அப்பில் வைஃபை வந்தால் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். இரண்டு நிமிட வேலை, மாதக் கணக்கில் தலைவலி குறையும்.

'எனக்கு 5ஜி அன்லிமிடெட்' என்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த அன்லிமிடெட் போன் 5ஜியில் நிற்கும்வரைதான். மலையில் அது ஒரு வளைவு தாண்டினால் 4ஜிக்கு இறங்கும். இறங்கியதும் அன்றைய கணக்கில் கழிய ஆரம்பிக்கும். போன் மேலே 5ஜி என்று காட்டுவதை ஒரு நாள் முழுக்க, முக்கியமாக ராத்திரி எட்டு மணி வாக்கில், பார்த்துவிட்டுத்தான் அதை நம்பி டிவியைச் சேர்க்க வேண்டும்.

சொந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போடுவதில் உள்ள தொல்லை

டேட்டா தாராளமாக இருந்தாலும் சில விஷயங்கள் இடிக்கும். முதலாவது, போன்காரர் கிளம்பினால் நெட்டும் கிளம்பிவிடும். அப்பா ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோருக்குப் போய்விட்டால் மகளின் வகுப்பு அவ்வளவுதான். இரண்டாவது சூடு. டவர் தூரமாக இருந்தால் போன் கத்திப் பேசுகிற மாதிரி அதிக சக்தியைச் செலவழிக்கிறது. அதன் மேல் வைஃபை, அதன் மேல் சார்ஜ். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். வெயில் படும் ஜன்னலில் தடித்த கவரோடு சார்ஜில் போட்டு ஹாட்ஸ்பாட் ஓட்டுவது புதுப் போனைப் பழையதாக்கச் சுலபமான வழி.

மூன்றாவதை நிறையப் பேர் கம்பெனி மேல் பழியாகப் போடுகிறார்கள். எல்லையோரத்தில் எல்லோரும் இரண்டு சிம் வைத்திருக்கிறோம், தமிழ்நாட்டுக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்முக்கும் சேர்த்து ஒரே ரேடியோதான். டேட்டா முதல் சிம்மில் ஓடும்போது இரண்டாம் சிம்மில் அழைப்பு வந்தால் டேட்டா நின்றுபோகும். கம்பத்திலிருந்து சித்தப்பா கூப்பிடுவார், இங்கே வீடியோ மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கும். சில போன்களில் அழைப்பின்போது டேட்டாவை அடுத்த சிம்முக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. இருந்தால் போட்டுவிடலாம், இரண்டிலும் பேக் இருக்க வேண்டும். ஒரே சிம்மில் அழைப்பும் டேட்டாவும் என்றால் வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பும் போகும் வசதி) இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

நான்காவது நம் ஊருக்கே உரியது. கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டுப் பக்கம் மலை விளிம்பில் இருக்கிற வீடுகளுக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் டவர்கள் நேராகத் தெரியும். போன் ஒரு நேரம் கீழே தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் கேரள டவருக்குத் தாவும். ரோமிங் காசு பற்றிய பயம் இப்போது தேவையில்லை. ஜியோ 2016இல் ரோமிங் கட்டணம் இல்லாமல்தான் வந்தது, ஏர்டெல் 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. தொல்லை தாவுவதில்தான். தாவும் ஒவ்வொரு முறையும் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவருக்கு ஒரு விக்கல். நெட்வொர்க் செட்டிங்கில் 'தானாகத் தேர்ந்தெடு' என்பதை எடுத்துவிட்டு, நிலையாக நிற்கிற ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பஸ் ஏறும்போது மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறந்தால் குட்டிக்கானம் போகும்போது போன் ஊமையாகிவிடும், அது வேறு விஷயம்.

என் ஓட்டு: ஜன்னலில் ஒரு பழைய போன்

மேலே சொன்ன தொல்லைகளில் பாதி போன் ஒருவரோடு நடமாடுவதால் வருகிறவை. நடமாடாத ஒரு போன் இருந்தால்? அலமாரியில் கிடக்கிற பழைய 4ஜி போன், திரையில் கீறல் விழுந்ததானாலும் பரவாயில்லை, அதில் தனியாக ஒரு சிம் போட்டு, ரேஞ்ச் நிற்கிற ஜன்னலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பேக்குக்குத் தவிர வேறு காசு இல்லை. சிம் உங்கள் கையில் இருக்கிற கம்பெனியாக இல்லாமல் வேறு கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று படுத்தால் மற்றது நிற்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2019 கடைசியில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை வழியாக அழைப்புப் பேசும் வசதியைக் கொண்டுவந்தன. உங்கள் கையில் இருக்கிற போனை இந்த ஜன்னல் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, வைஃபை காலிங்கைப் போட்டால், ரேஞ்சே இல்லாத அடுப்படியிலும் அழைப்பு வரும். பெரும்பாலான புதுப் போன்களில் இந்த வசதி இருக்கிறது. பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண் உள்ள வீட்டில், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், வேகத்தைவிட இது பெரிய விஷயம்.

செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்: யாரும் இணையாமல் இருந்தால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைக்கும் சுவிட்ச் ஆண்ட்ராய்டில் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். பேட்டரி சேமிப்பையும் எடுத்துவிடுங்கள். ஐபோனை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். யாரும் இணையாமல் திரை அணைந்து கிடந்தால் அதன் வைஃபை பெயர் மறைந்துவிடும், ஒவ்வொரு முறையும் போய் எழுப்ப வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில் தொங்கவிடக் கூடாது. எண்பது சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நேரம் வைத்து அணையும் ஒரு டைமர் பிளக் வாங்குங்கள். பேட்டரி உப்பியிருக்கிற போன் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு வலுவாக இருக்கட்டும், வைஃபையின் பெயரில் உங்கள் பெயரோ நம்பரோ வேண்டாம். லயத்தில் வரிசையாக வீடுகள். யார் என்ன பார்த்தாலும் தடம் உங்கள் பெயரில் உள்ள சிம்முக்குத்தான் வந்து நிற்கும்.

காசு கொடுத்து வாங்குகிறவை

சிம் போட்டுப் பையில் எடுத்துப் போகிற சின்ன வைஃபை கருவியான பாக்கெட் டாங்கிள் ஒரு காலத்தில் நல்ல யோசனையாக இருந்தது. இப்போது பழைய போன் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, பேட்டரி அதைவிடச் சின்னது. அடிக்கடி பயணம் போகிற வியாபாரிக்குத் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிம் போடுகிற ரவுட்டர் வேறு வகை. பேட்டரி கிடையாது, நேரே கரண்டில் ஓடும், சூடு பற்றிய கவலை இல்லை, கேபிள் சொருக ஓட்டைகள் இருக்கும். கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 150 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். அது காகித வேகம், நம் மலையில் அதைப் பார்க்கப் போவதில்லை. உண்மையான லாபம் ஆண்டெனாவில். வெளி ஆண்டெனா திருகி மாட்டும் வசதி உள்ள ரவுட்டர் வாங்கி, ஆண்டெனாவைக் கூரை விளிம்பில் டவர் இருக்கும் பக்கம் திருப்பி வைத்தால், போன் ஒரு கோடு காட்டுகிற இடத்திலும் நின்று ஓடும். ஏலத்தோட்டத்து ஸ்டோருக்கும், உள்ளே தள்ளி இருக்கிற தோட்ட வீட்டுக்கும் இதுதான் பொருத்தம். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும் என்பதால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

ஸ்டோரில் கேமரா வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி முகவரி கிடையாது, பல பேருக்கும் ஒரே பொது முகவரிதான். அதனால் வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்குள் நுழையும் பழைய வகை அமைப்பு வேலை செய்யாது. கம்பெனி ஆப் வழியாகப் பார்க்கும் கேமராவாகக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்கப் படத்தை மேலே அனுப்பாமல் உள்ளே மெமரி கார்டில் பதிந்து, நீங்கள் திறக்கும்போது மட்டும் காட்டுகிற வகையாக இருந்தால் டேட்டாவும் மிஞ்சும்.

ஏர்ஃபைபர் 2023இல் வந்தது: ஏர்டெல் ஆகஸ்டில், ஜியோ செப்டம்பரில். கூரையில் ஒரு பெட்டி 5ஜியைப் பிடித்து வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும். 5ஜி டவர் கண்ணுக்குத் தெரிகிற டவுன் வீடுகளுக்கு நல்லதுதான். பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு ஆள் வந்து அளந்து பார்க்காமல் காசு கட்ட வேண்டாம்.

கம்பி வருகிற வீட்டுக்கு ஃபைபரை மிஞ்ச எதுவும் இல்லை, இதில் வாதமே கிடையாது. உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கிறார், பிஎஸ்என்எல் கொடுக்கிறது, கேரள அரசின் கே-ஃபோன் இருக்கிறது. 2023 ஜூன் 5ஆம் தேதி தொடங்கியபோது கே-ஃபோனின் அடிமட்ட பிளான் மாதம் 299 ரூபாய், 20 எம்பிபிஎஸ், வரி தனி. அந்தக் காசுக்கு நாள் கணக்குப் போன் பேக் எதுவும் அவ்வளவு டேட்டா தராது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் அந்தத் திட்டத்தில் உண்டு, முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு என்று 14,000 வீடுகள் வைத்தார்கள். லயத்தில் இருப்பவர்கள் பஞ்சாயத்தில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

ஆனால் ஃபைபர் எடுத்துவிட்டால் ஹாட்ஸ்பாட்டை மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கேபிள் ஓடுவது பெரும்பாலும் கரண்ட் கம்பத்தில்தான். ஆனி ஆடி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போகும். டவருக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் இருப்பதால் அது கொஞ்ச நேரமாவது தாங்கும். அந்த நேரத்துக்குப் போன்தான் கை கொடுக்கும்.

யாருக்கு எது

ஒரே லேப்டாப், வேலை நேரத்தில் போன்காரரே அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்றால், புதிதாக எதுவும் வாங்காதீர்கள், கேபிள் போதும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது, அப்பா அம்மா இருவரும் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்றால் ஜன்னல் போன். டிவி, இரண்டு மூன்று போன், ராத்திரிப் படம் என்று ஆகிவிட்டால் நாள் கணக்கு டேட்டாவோடு மல்லுக்கட்ட வேண்டாம், கம்பி வருமா என்று விசாரியுங்கள். வராது என்றால் ஆண்டெனா வைத்த ரவுட்டர். தேக்கடியில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் விருந்தாளிக்குத் தங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுக்கவே கூடாது. கெஸ்ட் வைஃபை தனியாகப் பிரிக்கும் ரவுட்டர் அவர்களுக்குக் கட்டாயம்.

எது வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன், அக்கம்பக்கத்தில் வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர்களை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எல்லோரும் நெட் பார்க்கிற நேரம் அது. ஒவ்வொரு போனையும் அதே ஜன்னலில் வைத்து வேகம் பாருங்கள். டவுன்லோடு எண்ணை மட்டும் பார்க்காமல் அப்லோடையும் பாருங்கள். வீடியோ வகுப்பு தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். பேக் 28 நாளா, முழு மாதமா என்றும் கேளுங்கள். 28 நாள் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை காசு போகும்.

அப்புறம், வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருக்கிற நம்பரின் சிம்மை ஜன்னல் போனில் போட்டுவிடாதீர்கள். கம்பத்தில் பேங்க் கவுண்டர் முன்னால் நீங்கள் நிற்பீர்கள், ஓடிபி குமுளியில் ஜன்னல் திட்டுக்கு வந்து சேரும்.